வேலூர் சி.எம்.சி. இரத்தவியல் துறை: ஒரு நோயாளியின் குடும்பத்தார் பார்வையில்

2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் தம்பியின் தொடையிலும் முழங்கையிலும் நீலத் திட்டுகள் தோன்றின. ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. குழித்தறியில் இறங்கி ஏறும்போது எங்காவது இடித்திருக்கும் என்றே எண்ணினோம். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போது ஈறில் கசியத் தொடங்கிய இரத்தம் நண்பகல்வரை நிற்கவில்லை. ஊரெங்கும் டெங்கு பரவியிருந்த பருவம் அது. அருகிலிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் 14,000க்கு இறங்கிவிட்டன என்றார்கள், டெங்குதான் என்றார்கள், நான்கு நாள்கள் சலைன் ஏற்றினார்கள். டெங்கு இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த பிறகும், ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் இரவுப் பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் அதைச் செய்தார். செய்துவிட்டு என்னைத் தனியே அழைத்து, “அக்கா, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இப்போதே வேலூருக்குப் புறப்படுங்கள்” என்றார்.

அந்த இரவு தொடங்கி இன்றுவரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இரத்தவியல் துறையோடு எங்களுக்கு உறவு இருக்கிறது. அங்கே கிடைத்த சிகிச்சையைப் பற்றி எழுதுமாறு பலர் கேட்டிருக்கிறார்கள். படுக்கை எப்படி, உணவு எப்படி, செவிலியர் எப்படி என்பவற்றை மட்டும் எழுதினால் உண்மையில் பாதியைத்தான் சொன்னதாகும். என் தம்பியைக் காப்பாற்றிய மருந்து அதே வளாகத்தில், எங்களைப் போன்ற நோயாளிகளின் பணப்பையையும் உடலையும் கண்முன் வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் ஆராய்ந்து சீர்படுத்தப்பட்டது. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி நோயாளியின் கட்டில்வரை எப்படி வந்து சேர்கிறது என்பதை நான் கற்றுக்கொண்ட இடம் அது; ஆகவே இந்த மதிப்புரையில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

அவசரப் பிரிவில் சேர்த்த அன்றே எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, மரபணுச் சோதனைக்கும் அனுப்பினார்கள். நோயின் பெயர் அக்யூட் புரோமையலோசைட்டிக் லுகேமியா. இரத்தப் புற்றுநோய்களிலேயே மிக விரைவில் உயிரைக் குடிப்பது என்று ஒரு காலத்தில் அஞ்சப்பட்ட நோய் இது. புற்றணுக்கள் இரத்தம் உறையும் ஒழுங்கையே குலைத்துவிடுவதால், முதல் சில நாள்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ இரத்தம் கசிந்து நோயாளி இறந்துவிடக்கூடும். அதனால் மரபணுச் சோதனையின் முடிவு வரும்வரைகூடக் காத்திராமல், சந்தேகம் எழுந்தவுடனேயே வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாக்கப்பட்ட மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது இந்த நோய்க்குரிய விதி. என் தம்பிக்கும் அன்றிரவே அந்த மாத்திரை கொடுக்கப்பட்டது. தட்டணுக்களும் பிளாஸ்மாவும் பையடுத்துப் பையாக ஏற்றப்பட்டன. எங்கள் தெருவிலிருந்து 11 பேர் வந்து இரத்தம் கொடுத்தார்கள்.

மறுநாள் மருத்துவர் எங்களை உட்காரவைத்து, அடுத்து ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற மருந்தை நரம்பு வழியே ஏற்றப்போவதாகச் சொன்னார். எங்கள் அப்பா நாட்டு மருந்துக் கடையில் சிறுவயதில் வேலை பார்த்தவர். அது என்ன என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, மருத்துவர் சற்றுத் தயங்கி, “வெள்ளைப் பாஷாணம், ஐயா” என்றார். அப்பாவின் கை நடுங்கியதை நான் பார்த்தேன். “என் பிள்ளைக்குப் பாஷாணத்தையா ஏற்றப் போகிறீர்கள்?” என்று கேட்டார். அந்த மருத்துவர் எழுந்து போய்விடவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்றுக்கு 15 என்றும் மற்றொன்றுக்கு 17 என்றும் எண்ணிட்டார். இந்த இரண்டு குரோமோசோம்களும் தம்மில் ஒவ்வொரு துண்டைத் தவறுதலாக மாற்றிக்கொண்டதால் ஒரு முரண்பட்ட புரதம் உண்டாகிறது. அந்தப் புரதம் இளம் வெள்ளணுக்களை முதிரவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. வைட்டமின் மாத்திரை ஒரு பக்கத்தையும் பாஷாணம் மறுபக்கத்தையும் பிடித்து அந்தப் புரதத்தைச் சிதைக்கின்றன. தடை நீங்கியதும் அணுக்கள் தாமாகவே முதிர்ந்து, தம் காலம் முடிந்து மடிகின்றன. இவ்வளவையும் அவர் எங்களுக்குப் புரியும் தமிழில், பதினைந்து நிமிடம் பொறுமையாகச் சொன்னார். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

இந்த மருந்தின் கதையைப் பிற்பாடு நான் தேடிப் படித்தேன். 1970களில் சீனாவின் ஹார்பின் மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள், கிராமத்து வைத்தியர் ஒருவர் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த கலவையை ஆராய்ந்து, அதில் வேலை செய்வது ஆர்செனிக்தான் என்று கண்டறிந்தார்கள். வைட்டமின் மாத்திரையின் பயனை 1980களில் கண்டதும் ஷாங்காய் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருத்துவர்களே. மேலை நாடுகளில் அந்த மாத்திரையோடு கடுமையான வேதிச்சிகிச்சையையும் (கீமோதெரபி) சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. நல்ல பலன் தந்த முறைதான்; ஆனால் அதற்கு நீண்ட நாள்கள் மருத்துவமனையில் தங்க வேண்டும், தொற்றுகளை எதிர்கொள்ள வேண்டும், அதற்கெல்லாம் பணம் வேண்டும். வேலூருக்கு வரும் நோயாளிகளில் பலரால் அது இயலாது. அந்த முறையைத் தாங்க முடியாதவர்களைத் திருப்பி அனுப்புவதா, வேறு வழி தேடுவதா என்ற கேள்வி அங்கே ஏட்டளவில் எழுந்த கேள்வி அன்று. காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த மனிதர்களின் முகத்தில் எழுதப்பட்டிருந்த கேள்வி.

விக்ரம் மேத்யூஸ், மேமன் சாண்டி, அலோக் ஸ்ரீவஸ்தவா ஆகியோரை உள்ளடக்கிய வேலூர் குழு, புதிதாக நோய் கண்டவர்களுக்கு ஆர்செனிக்கை மட்டுமே, வேறு வேதிமருந்துகளை ஏறக்குறைய முற்றிலும் தவிர்த்துக் கொடுத்துப் பார்த்தது. வெளிநாட்டு மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், மருத்துவமனையின் மருந்தகமே கரைசலைத் தயாரித்தது. 1998 முதல் 2004 வரை சிகிச்சை பெற்ற 72 பேரில் 62 பேருக்கு நோய் முழுமையாகத் தணிந்தது. 2006இல் அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் ஆய்விதழ் அதை வெளியிட்டது. அத்தோடு விட்டுவிடாமல் அந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, 2010இல் அடுத்த கணக்கையும் கொடுத்தார்கள்: ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 74 பேர் உயிரோடு இருந்தார்கள்; நோய் தணிந்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு அது திரும்பவில்லை. தீவிரமான வேதிச்சிகிச்சை இல்லாமல், பெரும்பகுதி வெளிநோயாளியாகவே இருந்துகொண்டு கிடைத்த பலன் இது. 2013இல் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு, கடுமை குறைந்த வகை நோயாளிகளுக்கு வைட்டமின் மாத்திரையும் ஆர்செனிக்கும் சேர்ந்தாலே போதும், வேதிச்சிகிச்சை தேவையில்லை என்று நிறுவியது. இல்லாமை காரணமாக வேலூர் துணிந்து நடந்த திசையிலேயே, வசதியுள்ள நாடுகளும் பின்னர் வந்து சேர்ந்தன என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

இனி சிகிச்சை நடந்த விதம். நாள்தோறும் காலையில் முதல் வேலை எடை பார்ப்பது. எதற்காக இத்தனை கண்டிப்பு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒன்பதாம் நாள் தம்பியின் எடை முந்திய நாளைவிட இரண்டு கிலோ கூடியிருந்தது. மூச்சு இலேசாக வாங்கியது. சிஸ்டர் அந்த எண்ணை எழுதிய கையோடு மருத்துவரை அழைத்தார். புற்றணுக்கள் ஒரே வேகத்தில் முதிரத் தொடங்கும்போது உடலில் நீர் கோத்து, நுரையீரல் திணறும் ஆபத்து இந்தச் சிகிச்சைக்கே உரியது என்றும், அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் எடையில்தான் தெரியும் என்றும் அப்போதுதான் அறிந்தேன். ஸ்டீராய்டு ஊசி உடனே தொடங்கியது. மூன்று நாளில் மூச்சு சீரானது. சுவரில் தொங்கிய அட்டையில் இருந்த எடைக் கட்டம், இதயத் துடிப்பின் இடைவெளியைப் பார்க்க எடுத்த இ.சி.ஜி., பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளுக்காக எடுத்த இரத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால், முன்பு வந்த நோயாளிகளுக்கு நேர்ந்ததைக் குறித்துவைத்த ஒருவர் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அதற்குமுன் என் மனத்தில் சோதனைக் குழாய்களும் வெள்ளெலிகளுமே இருந்தன. எடை பார்க்கும் கருவியை அதில் நான் சேர்த்திருக்கவில்லை.

மருந்து பார்வைக்குத் தண்ணீரைப் போலவே இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏறி முடிந்துவிடும். இரத்த அளவுகள் தேறியதும் தம்பியை வார்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன்பின் நாள்தோறும் காலையில் வந்து மருந்தை ஏற்றிக்கொண்டு மதியம் விடுதிக்குத் திரும்பிவிடுவோம். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளுக்கும் உணவுக் கடைகளுக்கும் வங்காளத்தில் பெயர்ப்பலகை இருப்பதை வேலூருக்குப் போனவர்கள் அனைவரும் அறிவார்கள். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். எங்கள் பக்கத்து அறையில் தங்கியிருந்த அசாம் குடும்பம் மூன்று நாள் இரயிலில் வந்திருந்தது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் பிறந்ததே எங்கள் பேறு என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

மருத்துவமனை வாழ்க்கையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது ஓர் ஒப்புதல் படிவம். மூன்றாம் வாரத்தில் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவர் தமிழில் அச்சிட்ட படிவத்தோடு வந்தார். வழக்கமான சோதனைக்கு எடுக்கும் மஜ்ஜையில் சிறு பங்கைச் சேமித்துவைக்க அனுமதி கேட்டார். தம்பி ஒவ்வொரு வரியையும் படித்தான். பிறகு, “இது என் வைத்தியத்துக்கா, உங்கள் படிப்புக்கா?” என்று நேராகவே கேட்டான். அவர் கோபப்படவில்லை. “உங்கள் வைத்தியத்துக்கு இல்லை. கையெழுத்துப் போடாவிட்டாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது. நோய் சிலருக்கு ஏன் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளப் பயன்படும்” என்றார். தம்பி அன்று கையெழுத்திடவில்லை; ஓர் இரவு யோசித்து, மறுநாள் தானே கூப்பிட்டுக் கையெழுத்திட்டான். நோயாளியை ஆய்வுப் பொருளாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. மறுப்பதற்கு இடம் கொடுத்துக் கேட்கும் முறை சரியாக இருந்தால் அந்த அச்சம் தணியும் என்பதற்கு என் தம்பியே சாட்சி.

இந்தப் பண்பு அந்த நிறுவனத்தில் நேற்று முளைத்தது அன்று. அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்ற ஐடா ஸ்கட்டர், 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கிய மருத்துவச் சாலை அது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அதனோடு சேர்ந்தது. அங்கே நடந்த ஆராய்ச்சிகளில் என் மனத்துக்கு மிக நெருங்கியது தொழுநோயாளிகளின் கைகளைப் பற்றியது. கையை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்ததால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. தொழுநோயாளிகளின் விரல்கள் சதை அழுகி உதிர்கின்றன என்றே உலகம் அதுவரை நம்பியிருந்தது. அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் அன்றாட வாழ்வை அருகிருந்து கவனித்தார். நோய் நரம்பைத் தாக்கியதால் வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தாலும் விழிப்பதில்லை. விரல் தேய்வது இதனால்தான் என்று அவர் காட்டினார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, செயலிழக்காத தசையின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1940களின் இறுதியில் வேலூரில் தொடங்கினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், தொழில் கற்றுக்கொடுப்பதற்காக 1951இல் புதுவாழ்வு மையம் ஒன்றையும் அமைத்தார்கள். அறுவை சிகிச்சை வெற்றி என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ளாமல், அந்தக் கை பிறகு என்ன செய்தது என்று பின்தொடர்ந்து போனதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

விடுதிக்கு அருகே ஓர் இட்லிக் கடை இருந்தது. கடைக்கார அம்மாவின் வீடு சின்னல்லாபுரத்தில். தம்பியின் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, தம் மகனும் குழந்தையாக இருந்தபோது “ஆராய்ச்சியில் இருந்தவன்” என்று சொன்னார். வாரம் இரண்டு முறை ஒரு பெண் வீட்டுக்கு வந்து, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டா, எத்தனை முறை போனது என்று கேட்டு எழுதிக்கொண்டு போவாராம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலத்தைச் சிறு டப்பாவில் வாங்கிச் செல்வாராம். மூன்றாண்டுகள் இப்படி வந்தாராம். “முதலில் சிரித்தோம், பிறகு அவர் வராத நாளில் எங்களுக்கே என்னவோ போல இருக்கும்” என்றார்.

அந்த டப்பாக்கள் எங்கே போயின என்பதை நான் அவருக்குச் சொன்னேன். ராமநாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா ஆகிய பகுதிகளில் 2002 முதல் பிறந்த குழந்தைகளை, ககன்தீப் காங் தலைமையிலான ஆய்வுக் குழு பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தது. 373 குழந்தைகள் மூன்றாண்டையும் நிறைவு செய்தார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் கிருமி எத்தனை முறை தொற்றினால் குழந்தைக்கு எவ்வளவு எதிர்ப்பாற்றல் வருகிறது என்பதே கேள்வி. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளை நடுத்தரமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கு பிறகு அண்டவில்லை. வேலூரிலோ மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதமே இருந்தது. வெளிநாட்டில் நன்கு வேலை செய்யும் தடுப்பு மருந்து நம் குழந்தைகளிடம் அதே அளவு வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது தெளிவான எச்சரிக்கை. பின்னர் இந்தியாவிலேயே உருவான ரோட்டா சொட்டு மருந்து டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. கடுமையான நோயை முதலாண்டில் சுமார் 56 சதவீதம் அது தடுத்தது. பணக்கார நாடுகளில் கிடைத்த அளவைவிடக் குறைவுதான். ஆனாலும் வயிற்றுப்போக்கில் இத்தனை குழந்தைகளை இழக்கும் நாட்டில் அது பெரிய எண். 2016இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. என் மகளுக்கு ஆறாம் வாரத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தபோது, சின்னல்லாபுரத்து டப்பாக்களை நினைத்துக்கொண்டேன்.

இதே கல்லூரியின் ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்தாலும் நம் குழந்தைகளுக்குப் போதிய பாதுகாப்பு வருவதில்லை என்று வேலூர்க் குழந்தைகளைச் சோதித்தே 1970களில் கண்டு, கூடுதல் தவணைகளை வலியுறுத்தியவர். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் இரயிலேறி வந்து பரிசோதிக்கப்பட்டதும், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரியவந்ததும் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில்தான்.

இரத்தவியல் துறையின் காத்திருப்பு அறைக்குத் திரும்புகிறேன். அங்கே நாங்கள் அதிகம் சந்தித்தவர்கள் ஹீமோபிலியா நோயாளிகள். இரத்தத்தை உறையவைக்கும் எட்டாம் காரணி பிறவியிலேயே குறைந்தவர்கள். முழங்கால் மூட்டுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்து, இருபது வயதிலேயே கால் மடங்கிப்போனவர்கள். அந்தக் காரணியை வெளிநாட்டு நூல்கள் சொல்லும் அளவில் வாங்கி ஏற்ற இவர்களில் எத்தனை பேரால் முடியும்? அறுவை சிகிச்சையின்போதும் பின்பும் குறைந்த அளவு காரணியைக் கொண்டே பாதுகாப்பாகச் சமாளிக்க முடியும் என்று அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அவருடைய குழுவினரும் 1998லேயே காட்டினார்கள். கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் மத்திய அரசின் உதவியோடு இயங்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் அவர்களே அடுத்த பெரிய முயற்சியையும் மேற்கொண்டார்கள்: நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை) எடுத்து, காரணியை உருவாக்கும் மரபணுவை அவற்றில் செலுத்தி, மீண்டும் உடலிலேயே சேர்ப்பது. 22 வயது முதல் 41 வயது வரையுள்ள ஐந்து பேருக்குச் செய்த சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளிவந்தது. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலம் முழுவதும் அவர்களில் ஒருவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளையே வேலூருக்குப் போனால் ஹீமோபிலியா தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஐந்து பேர் என்பது தொடக்கம் மட்டுமே. புதிய செல்களுக்கு இடம் உண்டாக்க வலுவான வேதிமருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பலன் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். ஆராய்ச்சிச் செய்தியையும் கையில் கிடைக்கும் சிகிச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நோயாளிக் குடும்பங்கள் வீண் நம்பிக்கையில் வீட்டை விற்கும். இந்த வேறுபாட்டை எங்களுக்கு வேலூர் மருத்துவர்கள் எப்போதும் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

என் உள்ளத்தை உறுத்துவது வேறொன்று. ஆர்செனிக் ஆய்வு வெளிவந்து பதினோராண்டுகள் கழித்து, நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஒரு மருத்துவமனையில் என் தம்பி நான்கு நாள்களை வீணாக இழந்தான். அந்த நான்கு நாளில் மூளையில் கசிந்திருந்தால் உலகின் எந்த ஆராய்ச்சியும் அவனுக்கு உதவியிருக்காது. மருந்து எவ்வளவு மேம்பட்டாலும் இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் முதல் நாள்களில்தான். அங்கே தேவைப்படுவது ஒரு கண்ணாடித் தகடும், ஒரு நுண்ணோக்கியும், பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணும். அந்தக் கண்ணை உருவாக்குவது மருத்துவக் கல்லூரிகளின் வேலை. 2005 முதல் 2014 வரை இந்திய மருத்துவக் கல்வி நிறுவனங்கள் 579இன் வெளியீடுகளைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு, அவற்றில் 332 நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளியிடவில்லை என்று கண்டது. கட்டுரையின் எண்ணிக்கையை வைத்து மட்டும் மருத்துவரை அளக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்டுப் பழகாத கல்லூரியில் படித்து வருபவர், டெங்கு இல்லை என்று முடிவு வந்த பிறகும் டெங்கு என்றே எழுதிக்கொண்டிருப்பார். எங்களைத் தனியே அழைத்துப் பேசிய அந்த இளம் மருத்துவர் எந்தக் கல்லூரியில் படித்தவர் என்று கேட்டுக்கொள்ள அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

முதன்முறையாகப் போகிறவர்களுக்குச் சில செய்திகள். இரத்தவியல் துறை இப்போது 2022இல் திறக்கப்பட்ட இராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. வேலூர் நகரத்துக்குள் போய் இறங்கிவிட்டு அலையாமல், எந்த வளாகம் என்பதை முன்பதிவின்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பு எடுத்த சோதனை முடிவுகளோடு, இரத்தம் தடவிய கண்ணாடித் தகடுகளும் மஜ்ஜை மாதிரிகளும் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். செலவைப் பற்றி முதல் நாளே வாய்விட்டுப் பேசுங்கள். இந்தத் துறையில் அது கூச்சப்பட வேண்டிய பேச்சு அன்று, சிகிச்சை முறையைத் தீர்மானிக்கும் செய்திகளில் அதுவும் ஒன்று. ஒப்புதல் படிவம் எது வந்தாலும் படித்துப் பார்த்து, புரியாத வரியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திடுங்கள். மருந்து முடிந்த பின்பும் மரபணுச் சோதனைக்கான தவணைகளை விட்டுவிடாதீர்கள். நோய் திரும்பினால் உடலுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

தம்பி இப்போது ஆண்டுக்கு ஒருமுறை போய்வருகிறான். சென்ற முறை காத்திருப்பு அறையில், பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு தந்தை, மகனுக்கு எழுதிக்கொடுத்த மருந்தின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு இந்தி தெரியாது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் பழைய அட்டையில் அதே மருந்தின் பெயரையும் 2017 என்ற ஆண்டையும் விரலால் சுட்டிக் காட்டினான். பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினான்.